பள்ளியும் யோகமும்: கொச்சி யூதரின் கூட்டுவாழ்வும் இடர்க்காலத் துணையும் — யட்டியாந்தோட்டையிலிருந்து ஒரு நோக்கு

சிறுபான்மைச் சமூகங்கள் இடர்க்காலங்களைக் கடந்து நிலைபெறுவது எவ்வாறு என்ற வினாவுக்கு இருவகை விடைகள் வழமையாகக் கூறப்படுவதுண்டு. நம்பிக்கையின் வலிமையே அவற்றைக் காத்தது என்பர் ஒரு சாரார். அச்சமூகங்கள் ஆற்றிவந்த பொருளாதாரப் பணியே அவற்றைக் காத்தது என்பர் இன்னொரு சாரார். யூத மக்களைப் பொறுத்தவரையில் இரண்டாவது விடையை மிகத் தெளிவாக முன்வைத்தவர் ஆபிராம் லியோன் என்னும் இளம் மார்க்சியர். வணிகம், கடன் ஆகிய பணிகளை நிலவுடைமைச் சமுதாயத்தின் இடைவெளிகளில் நின்று ஆற்றிய ஒரு 'மக்கள்-வர்க்கம்' என அவர் யூதரை விளக்கினார். நாத்சிகளின் ஆக்கிரமிப்புக்குட்பட்ட பெல்ஜியத்தில் தலைமறைவாக இருந்துகொண்டு அவர் எழுதிய நூல் 1946இல் வெளிவந்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே அவர் அவுஷ்விட்சில் மாண்டுபோயிருந்தார்.

இவ்விரு விடைகளுக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. நம்பிக்கையோ பொருளாதாரப் பணியோ அன்றாட வாழ்வில் எந்த நிறுவனத்தின் வழியாகத் தொழிற்பட்டது? பஞ்சத்தின்போது உணவைப் பங்கிட்டவர் யார்? பிணத்தை அடக்கம் செய்தவர் யார்? அப்பங்கீட்டில் விடுபட்டவர் எவர்? இவ்வினாக்களை எழுப்பும்போதுதான் ஒரு செபக்கூடம் சமூக வரலாற்றுச் சான்றாக நம்முன் நிற்கிறது. தமிழ்கூறு நல்லுலகத்துக்கு மிக அண்மையிலிருந்த யூத சமூகமான கொச்சி யூதரை முதன்மையாகக் கொண்டு இவ்விடயத்தை விளக்க முனைவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இறுதிப் பகுதியில் யட்டியாந்தோட்டைத் தோட்டங்களின் அனுபவத்தோடு அதனைப் பொருத்திப் பார்ப்போம்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் அவசியம். மலையகத்தில் 'யூதர்' என்ற சொல் செல்வத்தோடு இணைத்தே கேட்கப்படுவது வழக்கம். புசல்லாவையிலுள்ள றொத்சைல்ட் தோட்டம் அதற்கு ஒரு காரணமாகலாம். றொத்சைல்ட் வங்கிக் குடும்பத்தின் மகள் வழிப் பேரர்களான தெ வோர்ம்ஸ் சகோதரர்களுக்கு உரியதாயிருந்தது அத்தோட்டம். அவர்களுள் ஒருவரான மொறிஸ் 1841இல் சீனத்திலிருந்து தேயிலைக் கன்றுகளைக் கொணர்ந்து அங்கு நட்டதாக வரலாறு. ஆயின் ஐரோப்பிய நிதிமூலதனத்தின் பிரதிநிதிகளான அவர்களும், கொச்சிக் கடைத்தெருவில் முட்டையும் கோழியும் விற்றுப் பிழைத்த யூதரும், வில்னா நகரத்துத் தொழிற்கூடங்களில் உழைத்து 1897இல் 'பண்ட்' என்னும் தொழிலாளர் சங்கத்தை அமைத்த யூதரும் ஒரே வர்க்கத்தினர் அல்லர். மதம் ஒன்றாயிருப்பதால் வர்க்கமும் ஒன்றாகிவிடுவதில்லை. இவ்வேறுபாட்டை மறந்த எழுத்துக்கள் யூத வெறுப்புக்கே துணைபோயின.

செபக்கூடம் என்னும் நிறுவனம்

கி.பி. 70இல் உரோமப் படைகள் எருசலேம் ஆலயத்தை அழித்தன. பலியும் பூசகர் அதிகாரமும் அத்துடன் முடிவுற்றன. அதன் பின்னர் யூத சமயவாழ்வின் மையமாக வளர்ந்தது செபக்கூடமே. எபிரேய மொழியில் அதன் பெயருக்குக் 'கூடும் வீடு' என்பதே பொருள். கருவறையோ விக்கிரகமோ அங்கு இல்லை. எருசலேமின் திசை நோக்கிய பேழையில் தோரா என்னும் வேதச் சுருள்கள் வைக்கப்பட்டிருக்கும். கூட்டு வழிபாடு நடைபெறுவதற்கு வயதுவந்த ஆண்கள் பத்துப்பேர் வேண்டும் என்பது விதி. பத்தாவது ஆள் வராதவரையில் எத்துணைச் செல்வர் வந்திருப்பினும் சில முக்கிய பிரார்த்தனைகளைச் சொல்ல இயலாது. ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தேவைப்படுகிறார் என்பதை இவ்விதி நடைமுறையில் நிலைநாட்டியது. பெண்களை அந்தப் பத்தில் சேர்க்காதது அதன் மறுபக்கமாகும்.

வழிபாட்டுக்கு அப்பால் செபக்கூடத்தைச் சுற்றிப் பல பொறுப்புகள் வளர்ந்தன. வறியோருக்கு வாரந்தோறும் பணம் வழங்கும் பெட்டி, நாள்தோறும் உணவு வழங்கும் தட்டு, நோயாளரைச் சென்று காணும் கடமை, ஏழைப் பெண்ணின் மணச்செலவு, வட்டியில்லாக் கடன், சிறைப்பட்டோரை மீட்கும் நிதி, பிணத்தைக் குளிப்பாட்டி அடக்கம் செய்யும் சங்கம் என்பன அவற்றுள் முக்கியமானவை. வாரப்பெட்டிக்கான பணத்தைத் தண்டுவோர் இருவராயிருத்தல் வேண்டும், பங்கிடுவோர் மூவராயிருத்தல் வேண்டும் எனப் பழைய யூதச் சட்டத்தொகுப்பான மிஷ்னா விதிக்கிறது. தனியொருவர் கையில் பொதுப்பணம் இருக்கலாகாது என்பதும், பங்கீடு என்பது தீர்ப்பளித்தலைப் போன்றது என்பதும் அதன் உட்கருத்து. உதவி பெறுபவரும் தம்மால் இயன்ற சிறுதொகையைப் பிறருக்குக் கொடுக்கவேண்டும் என்பது இன்னொரு விதி. பெறுவோர், கொடுப்போர் என்ற நிரந்தரப் பிரிவினையை அது ஓரளவுக்குத் தளர்த்திற்று.

12ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். அவற்றுள் உயர்ந்த படி, கடனோ பங்குடைமையோ தொழிலோ கொடுத்து, ஒருவர் பிறரிடம் கையேந்தாத நிலையை உருவாக்குவதாகும். பிச்சையிடுதலையும் வாழ்வுக்கு வழிசெய்தலையும் அவர் தெளிவாக வேறுபடுத்தியமை கவனத்துக்குரியது.

இவை வெறும் அறநூல் விதிகளாக நின்றுவிடவில்லை என்பதற்குக் கெய்ரோவின் பழைய நகரமான புஸ்தாத்திலிருந்த பென் எஸ்றா செபக்கூடம் சான்று தருகிறது. கடவுளின் பெயர் எழுதப்பட்ட தாளை எறியலாகாது என்ற வழக்கத்தால், பயனற்ற தாள்களெல்லாம் அதன் அறையொன்றில் நூற்றாண்டுக்கணக்காகக் குவிந்து கிடந்தன. 'கெனிசா' எனப்படும் அக்குவியலின் பெரும்பகுதியை 1896-97இல் சொலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். அதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த கொய்தைன் வெளிக்கொணர்ந்தவற்றுள் அப்பம் பங்கிட்ட பட்டியல்களும் அடங்கும். வாரம் இருமுறை யார் யாருக்கு எத்தனை அப்பம் என்பது அவற்றில் எழுதப்பட்டுள்ளது. விதவை, பார்வையற்றவர், அண்மையில் ஊருக்கு வந்த அகதி என்றே பலர் அவற்றில் குறிக்கப்படுகின்றனர். அரசவை வரலாறுகள் பெயர்சொல்லாத மக்களை அப்பக் கணக்கு பெயர்சொல்லிப் பதிந்துவைத்தது.

அக்குவியலில் நமது கடற்கரையைச் சேர்ந்த கடிதங்களும் உள. துனீசியாவிலிருந்து வந்து 1132 முதல் 1149 வரை மங்களூரில் வணிகம் செய்தவர் ஆபிரகாம் பென் யிஜு. சிசிலி மன்னனின் கடற்படை 1148இல் மஹ்தியா நகரைக் கைப்பற்றியதால் அவருடைய உடன்பிறந்தோர் வறுமையுற்றனர். செய்தியறிந்த அவர் ஏடனுக்குத் திரும்பியதும், தம்மிடமுள்ளது எல்லோருக்கும் போதும், தம்மிடம் வந்து சேருங்கள் என்று எழுதினார். இந்து சமுத்திரத்தின் வணிக வலையே துயர்துடைக்கும் வலையாகவும் தொழிற்பட்டதை இக்கடிதம் காட்டுகிறது. அதே வணிகரிடம் அடிமையொருவன் முகவராகப் பணியாற்றினான் என்பதையும் நாம் மறத்தலாகாது.

அஞ்சுவண்ணமும் யோகமும்

சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் இசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகத் தலைவருக்கு வழங்கிய செப்பேடு, கொச்சி யூத வரலாற்றின் முதற்பெரும் ஆவணமாகும். கி.பி. 1000 அளவில் முயிரிக்கோட்டிலிருந்து, வட்டெழுத்தில், தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான மேலைக்கடற்கரை மொழியில் அது எழுதப்பட்டது. அஞ்சுவண்ணமும், எழுபத்திரண்டு உரிமைகளும், சுங்கவரியிலிருந்தும் துலாக்கூலியிலிருந்தும் விலக்கும் அவருக்கு வழங்கப்பட்டன. பகல்விளக்கு, பல்லக்கு, குடை, பறை, காளம் ஆகியன அவ்வுரிமைகளுள் அடங்கும்.

அஞ்சுவண்ணம் என்பது மேற்காசிய வணிகர்களின் கூட்டமைப்பைக் குறிப்பது என ஆய்வாளர் பலர் கருதுவர். கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் மணிக்கிராமத்தோடு அது குறிக்கப்படுகிறது. அச்செப்பேட்டில் சாட்சிகள் அரபு, பாலவி, யூத-பாரசீக எழுத்துக்களில் ஒப்பமிட்டுள்ளனர். செபக்கூடத்தின் கூட்டுவாழ்வுக்கு அடியில் வணிகக் கூட்டமைப்பொன்று இருந்தது என்பதும், அதற்கு அரசு ஆதரவு கிட்டியமைக்கு மிளகு வணிகமே காரணம் என்பதும் இதனாற் பெறப்படும். லியோன் கூறிய பொருளாதாரப் பணி இங்கு தெளிவாகவே உள்ளது.

ஆயின் அப்பணி மட்டும் சமூகத்தைக் கட்டிக்காக்கவில்லை. கொச்சியில் செபக்கூடத்தை யூதரும் அயலவரும் 'பள்ளி' என்றே அழைத்தனர். ஒவ்வொரு பள்ளியைச் சார்ந்த குடும்பங்களின் கூட்டம் 'யோகம்' எனப்பட்டது. நம்பூதிரிக் கோயில்களின் ஊராளரும் பிற சமூகத்தாரும் பயன்படுத்திய அதே சொல் இது. பள்ளியின் சொத்து, கல்வி, அடக்கம், உட்பூசல் ஆகியவற்றை யோகத்தின் பெரியோர் கூடி முடிவுசெய்தனர். கொச்சி மன்னர் அளித்த 'முதலியார்' பட்டத்தைப் பெற்றவர் அரசுக்கும் சமூகத்துக்கும் இடைநின்றார். இஸ்ரேலியத் தோராவும் கேரளத்து யோகமும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தன எனலாம். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மட்டாஞ்சேரியில் மூன்றும், எறணாகுளத்தில் இரண்டும், பறவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களில் ஒவ்வொன்றுமாக எட்டுப் பள்ளிகள் இருந்தன. அவற்றைச் சார்ந்தோர் ஏறத்தாழ 2,500 பேர்.

பத்துப்பேரின் எண்ணிக்கையிற் சேராத பெண்கள் வேறொரு வகையில் அக்கூட்டுவாழ்வின் நினைவாற்றலாக விளங்கினர். திருமணங்களிலும் விழாக்களிலும் அவர்கள் மலையாளத்திற் பாடினர். வேதக் கதைகளோடு பள்ளிகள் கட்டப்பட்ட வரலாறும் அப்பாடல்களில் இடம்பெற்றது. அவற்றைக் கையெழுத்துக் குறிப்பேடுகளில் எழுதித் தாய் மகளுக்கு அளித்தாள். பார்பரா ஜோன்சன், ஸ்கறியா சக்கரியா முதலிய ஆய்வாளர்களின் முயற்சியால் அக்குறிப்பேடுகள் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டன. நாட்டார் வழக்காற்றியல் பயிலும் நம் மாணவர் இதனை உற்றுநோக்குதல் நன்று.

இடர்களும் மீட்சியும்

16ஆம் நூற்றாண்டில் மலபார் வணிகத்தில் போர்த்துக்கேயர் புகுந்தமை எல்லா வணிகச் சமூகங்களையும் ஒன்றோடொன்று மோதவிட்டது. 1524இல் கொடுங்கல்லூர் யூதர் தாக்கப்பட்டு வீடும் பள்ளியும் இழந்தனர். அகதிகளாய்ச் சென்றோருக்குக் கொச்சி அரசன் இடமளித்தான். மட்டாஞ்சேரியில் அரண்மனையை அடுத்து யூதத்தெரு உருவாகியது. 1568இல் பரதேசிப் பள்ளி கட்டப்பட்டது. அரண்மனைக் கோயிலும் பள்ளியும் அருகருகே நிற்பதை இன்றும் காணலாம்.

1662இல் ஒல்லாந்தர் கொச்சியை முற்றுகையிட்டுத் தோற்றுப் பின்வாங்கினர். அவர்களுக்கு உதவினர் என்று குற்றஞ்சாட்டிப் போர்த்துக்கேயர் யூதத்தெருவைச் சூறையாடினர், பள்ளியையும் தீக்கிரையாக்கினர். அடுத்த ஆண்டிலேயே ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றினர். 1664இல் பள்ளி மீளக் கட்டப்பட்டது. 1686இல் அம்ஸ்டர்டாம் யூத சமூகத்தின் சார்பில் மோசே பெரேரா தெ பைவா கொச்சிக்கு வந்து நிலைமையை நேரிற் கண்டு அறிக்கை எழுதினார். அழிந்தவற்றுக்கு ஈடாக அம்ஸ்டர்டாமிலிருந்து வேதநூல்களும் செபநூல்களும் வந்துசேர்ந்தன.

இம்மீட்சிக்கு மூன்று காரணிகளை நாம் இனங்காணலாம். முதலாவது, மிளகு வணிகத்தில் அவர்களின் தேவை அரசனுக்கும் ஒல்லாந்தக் கம்பனிக்கும் இருந்தமை. இரண்டாவது, எரிந்த கட்டடத்தோடு யோகம் அழிந்துபோகாமை. கட்டடத்தை மீள எழுப்ப யோகம் இருந்தது. மூன்றாவது, கெய்ரோவும் ஏடனும் அம்ஸ்டர்டாமும் உள்ளடங்கிய தொலைதூர உறவு. உள்ளூர்க் கூட்டு, வெளியூர்த் தொடர்பு, ஆளும் சக்திக்கு அவர்கள்மீதிருந்த தேவை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தவிடத்தே மீட்சி விரைவாயிற்று. பொருளியல் தளத்தை மறந்து 'ஒற்றுமையின் வெற்றி' என்று இதனைப் போற்றுவது அரைகுறை வரலாறாகவே முடியும்.

வாயிற்படியில் இருந்தவர்கள்

பரதேசிப் பள்ளியைச் சார்ந்தோர் தம்மைத் தூய மரபினராகக் கருதினர். பழங்குடியினரான மலபார் யூதரோடு அவர்கள் மணவுறவு கொள்ளவில்லை. அவர்தம் பள்ளிக்குள்ளேயே இன்னொரு பிரிவினரும் இருந்தனர். யூத வீடுகளில் அடிமைகளாயிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழிவந்த அவர்கள் எபிரேயத்தில் 'மெஷுஹ்றாறிம்' எனப்பட்டனர். பள்ளியின் முன்கூடத்திலேயே அவர்கள் இருக்கவேண்டும். தோராவை வாசிக்கவும் அவர்களை அழைப்பதில்லை. இவ்வேற்றுமை பற்றி 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவிலிருந்த சட்ட அறிஞர் தாவீது இப்னு சிம்றாவுக்கு வினா அனுப்பப்பட்டது. உரிய சடங்குகளை நிறைவேற்றியோரோடு மணவுறவு கொள்ளலாம் என அவர் தீர்ப்பளித்தார். தீர்ப்பு வந்தது; வழக்கம் மாறவில்லை. சமயச் சட்டத்தைக்காட்டிலும் சூழவிருந்த சாதியமைப்பும் வீட்டிலிருந்த அடிமையுடைமையும் வலிமை வாய்ந்தனவாயிருந்தன.

மாற்றத்தைக் கொணர்ந்தவர் அப்பிரிவிற் பிறந்த ஆபிரகாம் பராக் சேலம் (1882-1967). சட்டம் பயின்ற அவர் கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராயிருந்தார். 1929இல் லாகூரில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டிலும் கலந்துகொண்டார். காந்தியின் சத்தியாக்கிரக முறையைத் தம் பள்ளிக்குள்ளேயே அவர் கையாண்டார். 1930களிலும் 40களிலும் தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. தமக்குள் துணைநின்ற ஒரு சமூகம் தன் வாயிற்படியில் ஒரு பகுதியினரை நூற்றாண்டுக்கணக்காக அமர்த்திவைத்திருந்தது. உள்ளிருந்து எழுந்த போராட்டமே அதனைத் தகர்த்தது. கூட்டுறவு என்ற சொல்லை ஆராயும்போது 'நாம்' என்பதன் எல்லை எங்கே முடிகிறது என்று வினவுதல் இன்றியமையாதது.

பள்ளிகள் வெறுமையானமை

1948இல் இஸ்ரேல் அரசு உருவாகியபின் மலபார் யூதரின் பெரும்பாலானோர் அங்கு செல்ல முடிவுசெய்தனர். சமய ஏக்கமும் வறுமையும் அம்முடிவில் கலந்திருந்தன. யானைக்கால் நோய் பரவிவிடும் என இஸ்ரேல் சுகாதார அதிகாரிகள் அஞ்சியதால் பயணம் தடைப்பட்டது. புறப்படுதற்கு ஆயத்தமாகித் தொழிலைக் கைவிட்ட குடும்பங்கள் காத்திருக்க நேர்ந்தது. 1950களின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலானோர் சென்று, நெவாத்திம், மெசிலாத் சியோன் முதலிய கூட்டுறவுப் பண்ணைக் கிராமங்களிற் குடியேறினர். அவர்களைக் குடியேற்றிய அதே அரசின் தோற்றத்தோடு ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீன அரபுமக்கள் வீடிழந்தனர் என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே.

மாளையிலிருந்த யோகத்தார் புறப்படுமுன் 1955இல் தம் பள்ளியை ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துச் சென்றனர். பரதேசிப் பள்ளி தன் நானூறாவது ஆண்டை 1968இல் கொண்டாடியபோது இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி அவ்விழாவிற் கலந்துகொண்டார். ஆயினும் பத்தாவது ஆளைத் தேடும் நிலை அப்பள்ளிக்கும் விரைவில் வந்துசேர்ந்தது. இன்று அதனைப் பார்க்க வருவோர் மிகப் பலர். அதற்குரியோர் கைவிரல் விட்டு எண்ணத்தக்கோர்.

யட்டியாந்தோட்டையும் அதன் பாடமும்

களனி கங்கைப் பள்ளத்தாக்கில், தேயிலையும் இறப்பரும் இணைந்து வளரும் கேகாலை மாவட்டத் தோட்டங்களிலும் மேற்கூறியவற்றுக்கு ஒப்பான அமைப்புகளை நாம் காண்கிறோம். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மாரியம்மன் கோயில். அதற்குரிய பணம் தொழிலாளரின் சம்பளத்திலிருந்து செக்றோல் வழியாகவே மாதந்தோறும் பிடிக்கப்படுவது பல தோட்டங்களில் வழக்கம். மரண உதவி நிதிக்கும் அவ்வாறே ஒரு சிறுதொகை. லயத்தில் ஒரு சாவு நிகழ்ந்தால் தப்பு முழங்கும். அடுத்த காம்பிராக்கள் அடுப்பெரித்துச் சாவுவீட்டாருக்குச் சோறு கொடுக்கும். குழிவெட்டுவது முதல் கருமாதிவரை கூட்டுப் பொறுப்பாகும். பெண்களிடையே சீட்டும் கைமாற்றும் மாதக் கடைசியைக் கடத்திவைக்கின்றன. அப்பப் பட்டியலைப் போன்று இங்கும் மரண நிதிக் கொப்பி உண்டு.

இத்துணைகளை அவற்றின் எதிர்நிலையோடு வைத்து நோக்கவேண்டும். தோட்டத்து வரலாற்றின் முதல் 'உதவி' பெரியகங்காணியின் முற்பணமாகும். தமிழகத்துக் கிராமத்தில் பஞ்சத்தின்போது கொடுபட்ட அப்பணம் தோட்டத்தில் தீராக்கடனாயிற்று. கடனைக் குறித்த 'துண்டு' இன்றித் தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்ல இயலாது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அம்முறை நீடித்தது. மேலிருந்து வந்த உதவி விலங்காயிற்று; பக்கத்திலிருந்து வந்த உதவி உயிர்காத்தது. மைமோனிடிசின் எட்டுப் படிகளில் கங்காணியின் முற்பணத்துக்கு இடமேயில்லை.

வாயிற்படிப் பிரச்சினை இங்கும் இருந்தது. கோயில் மரியாதையிலும் தலைவர் பதவியிலும் லயங்களைப் பகிர்ந்ததிலும் சாதி தன் கையைக் காட்டிற்று. தப்படித்துச் சாவை அறிவித்தவனுக்குக் கோயிலின் உட்புறம் நெடுங்காலம் உரியதாயிருக்கவில்லை. தொழிற்சங்கம் சாதி கடந்து ஒரே வரிசையில் மக்களை நிறுத்தியபோதே இந்நிலை ஓரளவு தளரலாயிற்று.

1934-35இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாய்த் தேங்கின. மலேரியா பெருந்தொற்று பரவிற்று. கேகாலை மாவட்டம் மிகக் கொடிய பாதிப்புக்குள்ளான பகுதிகளுள் ஒன்று. சூரியமல் இயக்கத்தைச் சார்ந்த இளைஞர் மருந்தும் உணவும் கொண்டு கிராமங்களுக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவரான கலாநிதி என். எம். பெரேரா பருப்பு விநியோகித்தமையால் 'பருப்பு மாத்தயா' என்றே மக்களால் அழைக்கப்பட்டார். அவ்வனுபவத்தின் தொடர்ச்சியாக 1935 டிசம்பரில் இலங்கை சமசமாசக் கட்சி தோன்றியது. 1936இல் அவர் அயலிலுள்ள றுவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்கசபைக்குத் தெரிவானார். சாதியும் மதமும் கேளாது ஒரு கவளம் உணவு கொடுத்த இயக்கம் இந்நாட்டின் முதல் மார்க்சியக் கட்சியாக மலர்ந்தமை நாம் பெருமையோடு நினைவுகூரத்தக்கது.

அதன் பிற்பகுதியையும் ஒளிவுமறைவின்றிக் கூறுதல் மார்க்சியரின் கடமையாகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியபோது சமசமாசக் கட்சி அதனை எதிர்த்து நின்றது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஒப்பமிடப்பட்டபோது அதே கட்சி அரசாங்கத்தில் பங்காளியாயிருந்தது. யட்டியாந்தோட்டையின் பாராளுமன்ற உறுப்பினரே நிதியமைச்சராகவும் இருந்தார். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்கள் எண்ணிப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவுசெய்வதெனத் தள்ளிவைக்கப்பட்டு, 1974இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அதே காலப்பகுதியில் உணவுத் தட்டுப்பாட்டினால் தோட்டங்களில் மரணவீதம் சடுதியாக உயர்ந்தது. பட்டினிக்குப் பருப்பு கொடுப்பதும் பட்டினிகிடப்போரின் உரிமைக்காகப் பதவியை இழக்கத் துணிவதும் வெவ்வேறான செயல்கள். முன்னதைச் செய்தோர் பின்னதைச் செய்யவில்லை.

கொச்சி யூதர் யோகம் யோகமாக முடிவெடுத்து, பள்ளியைப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துப் புறப்பட்டனர். தோட்டத்து மக்களின் பயணமோ இரு அரசாங்கங்கள் வகுத்த பங்கீட்டின் விளைவு. ஒரே லயத்தில் ஒருவருக்கு இலங்கைப் பிரசாவுரிமை, அடுத்தவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற புகைவண்டியை மலையகம் 'அழுகைக் கோச்சி' என்றழைத்தது. நீலகிரியில் அவர்களுக்கெனத் தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. மரண நிதிக்குப் பத்தாண்டு பணம் கட்டியவர் வேறொரு மலையில் யாருமறியாதவராய் மாண்டார். நாடற்றோர் என்ற நிலை சட்டப்படி நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

முடிவுரை

பரஸ்பர உதவியின் எல்லையை வரலாற்றிலேயே மிகக் கொடிய சூழலில் கண்டவர் எம்மானுவேல் றிங்கல்புளும் என்னும் மார்க்சிய வரலாற்றாசிரியர். 1940 நவம்பரில் மூடப்பட்ட வார்சோ யூதச் சேரியில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். ஒவ்வொரு குடியிருப்பிலும் வீட்டுக்குழுக்களும் கஞ்சிக்கூடங்களும் அமைய அவர் உழைத்தார். கஞ்சிக்கூடத்தை மட்டும் நம்பியோர் எப்படியும் மடிகின்றனர் என்பதை 1942இல் அவரே பதிந்து, எல்லோருக்கும் போதாத கஞ்சியைப் பங்கிடுவதா, சிலரையேனும் முழுமையாகக் காப்பதா என்ற கொடிய வினாவை எழுப்பினார். கூட்டுவாழ்வு குலைந்ததால் அம்மக்கள் மடியவில்லை. அவர்களைக் கொல்லத் தீர்மானித்த அரசதிகாரத்தை எதிர்கொள்ளக் கஞ்சிக்கூடத்தால் இயலவில்லை. 1944இல் அவரும் கொல்லப்பட்டார். ஆயின் அவர் தோழரோடு திரட்டிய ஆவணங்கள் தகரப்பெட்டிகளிலும் பாற்குடங்களிலும் புதைக்கப்பட்டு, 1946இலும் 1950இலும் மீட்கப்பட்டன.

மதத்தை மயக்கமருந்தோடு ஒப்பிட்ட அதே இடத்தில், அதனைத் துயரத்தின் வெளிப்பாடாகவும் துயரத்துக்கெதிரான மறுப்பாகவும் மார்க்ஸ் கண்டார் என்பது பலரால் மறக்கப்படுகிறது. செபக்கூடத்தின் அப்பப் பெட்டியும் மாரியம்மன் கோயிலின் மரண நிதியும் அவ்விரண்டாவது பக்கத்துக்கு உரியன. அவற்றை மூடநம்பிக்கை என ஒதுக்குவது தவறு. அவை போதும் என மனநிறைவு கொள்வதும் தவறு. பக்கத்து வீட்டாரின் துணை ஒருவரை மாதக் கடைசிவரை வாழவைக்கும்; நிலம், கூலி, குடியுரிமை ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் வேறிடத்தில் இருக்கும்வரை, அத்துணை ஒரே கடிதத்தால் கலைக்கப்படலாம் என்பதை 1964 காட்டிற்று. ஆதலின் மரண நிதி தொழிற்சங்கத்தோடும், தொழிற்சங்கம் வாக்குரிமையோடும் இணைந்தே வலுப்பெறும்.

நம் ஆய்வுலகுக்கு இதில் உடனடியான பணியொன்றும் உண்டு. கெய்ரோவின் அப்பப் பட்டியல்களை ஒரு சமய வழக்கம் தற்செயலாகக் காத்தது. கொச்சிப் பெண்களின் பாட்டுக் குறிப்பேடுகளை ஆய்வாளர் தேடிச் சேர்த்தனர். நம் தோட்டங்களின் கோயிற் கணக்குகளும், மரண நிதிக் கொப்பிகளும், பழைய செக்றோல் ஏடுகளும், சங்கக் கிளைகளின் கூட்டக் குறிப்புகளும் லயங்கள் இடிக்கப்படும்போது கரையானுக்கும் அடுப்புக்கும் இரையாகின்றன. யட்டியாந்தோட்டையிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் அவற்றைத் தேடித் தொகுத்தலும், அவற்றிற் பெயர் எழுதப்பட்டோரில் எஞ்சியுள்ள முதியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்தலும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் ஆற்றலுக்குட்பட்ட பணிகளேயாம். இருவர் சென்று திரட்டி மூவர் சரிபார்த்தால் இவ்வாண்டிலேயே அதனைத் தொடங்கலாம்.